மூன்று விரல்கள் மறைத்த உண்மை

2001ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கார்ப் பந்தயத் திடல்களில் ஒரே காட்சி மீண்டும் மீண்டும் அரங்கேறியது. பந்தயம் மூன்றாம் சுற்றை எட்டியதும் பல்லாயிரவர் இருக்கையை விட்டெழுந்து, மூன்று விரல்களை வானோக்கி உயர்த்தி நின்றனர். நொடிக்கு நொடி ஓயாது வருணிக்கும் தொலைக்காட்சி அறிவிப்பாளர்களும் அந்த ஒரு சுற்று முடியும்வரை வாய் திறந்திலர். இயந்திரங்களின் உறுமல் ஒன்றே கேட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள் டேட்டோனா திடலில், 3 என்னும் எண் தாங்கிய கருநிறக் காரை ஓட்டிவந்து சுவரில் மோதி உயிர்நீத்த டேல் எர்ன்ஹார்ட்டுக்கு அவர்தம் இரசிகர்கள் செலுத்திய அஞ்சலி அது.

அத்துயரம் போலியானதன்று. கூலிக்கு ஆள் பிடித்துக் கண்ணீர் வடிக்கவைக்கும் கூட்டத்தில் அதனைச் சேர்த்தல் தகாது. நெசவாலைத் தொழிலாளியும் சரக்குந்து ஓட்டுநரும் தம் வீட்டில் ஒருவரை இழந்தாற்போலவே அழுதனர். ஆயினும் அழுகை உண்மையாயிருப்பதனால் மட்டும் அழுகையினூடே சொல்லப்படும் கதையும் உண்மையாகிவிடுமா? எர்ன்ஹார்ட்டைப் பற்றி இரசிகர்கள் இன்றளவும் பாசத்தோடு பகிர்ந்துகொள்ளும் நினைவுகளுள் அவர் எப்படி ஓட்டினார் என்பது உண்டு. எப்படிச் சிரித்தார் என்பது உண்டு. யாரை எந்தத் திடலில் முட்டித் தள்ளினார் என்பதும் உண்டு. அவர் ஏன் இறந்தார் என்பது மட்டும் அவற்றுள் இல்லை. அல்லது திரிந்த வடிவில் இருக்கின்றது. இக்கட்டுரை அந்த இல்லாமையைப் பற்றியது.

எங்கோ அமெரிக்காவில் கார் ஓட்டி மாண்டவர் கதை தமிழாசிரியர்க்கு எதற்கு என்று வினவலாம். ‘நான் போற்றும் வீரர்’ என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் கட்டுரை எழுதவைப்பவர் தமிழாசிரியர்தாமே! காற்பந்து வீரரையும் பந்தய வீரரையும் பற்றி மாணவர் எழுதிக் கொணரும் ஏடுகளில் ‘அஞ்சா நெஞ்சன்’, ‘மரணத்தைத் துச்சமென மதித்தவன்’ என்னும் தொடர்கள் மலிந்து கிடக்கின்றன. சிவப்பு மையால் ஒற்றுப் பிழையைத் திருத்தும் கை, அத்தொடர்களைத் தொடுவதில்லை. 2011 அக்டோபர் 23இல் செப்பாங் திடலில் இத்தாலிய மோட்டார் சைக்கிள் வீரர் மார்க்கோ சிமோன்செல்லி மாண்டபோது இந்நாட்டு மாணவர்களும் கலங்கினர். ஆகவே பொருள் அவ்வளவு தொலைவில் இல்லை.

முதற்கண், அம்மனிதரை அறிந்துகொள்ள வேண்டும். ஸ்டாக் கார் பந்தயம் என்பது, சந்தையில் விற்கும் காரின் புறத்தோற்றத்தோடு, உள்ளே முற்றிலும் பந்தயத்துக்கெனவே கட்டப்பட்ட கார்களை நீள்வட்டத் தடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்டும் போட்டி. தென் மாநிலங்களின் சிற்றூர்களில் வேரூன்றிய அவ்விளையாட்டை முறைப்படுத்த 1948இல் நாஸ்கார் என்னும் அமைப்பு தோன்றியது. எர்ன்ஹார்ட் பிறந்தது 1951இல். வட கரோலினா மாநிலத்தின் கன்னாபொலிஸ் என்னும் நெசவாலை நகரில். தந்தை ரால்ஃப் எர்ன்ஹார்ட்டும் பந்தய ஓட்டுநரே. ஆலை வேலையை உதறிவிட்டுக் கொட்டகையில் கார் பழுதுபார்த்துப் பந்தயத்தாலேயே குடும்பம் காத்தவர். 1973இல் மாரடைப்பால் காலமானார். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றார். தந்தை எவ்வளவோ தடுத்தும் கேளாமல் நின்றார். இரசிகர்கள் இதனையும் ஒரு வீரச் செயலாகச் சொல்லி மகிழ்வர். தந்தைக்குத் தாம் அளித்த ஏமாற்றம் அதுவே எனப் பிற்காலத்தில் அவர் வருந்தியதை அதே மூச்சில் சொல்வாரைக் காண்டல் அரிது. நினைவு எதனை வைத்துக்கொள்கின்றது, எதனைக் கைவிடுகின்றது என்பதற்கு இதுவே முதற் சான்று.

அவருடைய வெற்றிகள் மெய்யானவை. 1979இல் ஆண்டின் சிறந்த புதுமுக ஓட்டுநர். மறு ஆண்டிலேயே தொடரின் வாகையர். 1980, 1986, 1987, 1990, 1991, 1993, 1994 என ஏழு முறை அப்பட்டம் அவரைச் சேர்ந்தது. அதுவரை ரிச்சர்ட் பெட்டி ஒருவரே ஏழு முறை வென்றிருந்தார். உயர்நிலைத் தொடரில் எர்ன்ஹார்ட் வென்ற பந்தயங்கள் 76. முன்னால் செல்பவர் வழிவிடாவிட்டால் பின்னிருந்து இடிப்பார். இடிபட்டவர் சுழன்று போவார். இவர் முன்னேறிச் செல்வார். ‘அச்சுறுத்துவோன்’ என்னும் பட்டப் பெயர் இவ்வாறு வந்ததே. 1999இல் பிரிஸ்டல் திடலின் கடைசிச் சுற்றில் டெரி லபோன்டியை இப்படித் தள்ளிவிட்டு வென்றபோது அரங்கமே கூச்சலிட்டு இகழ்ந்தது. அன்று இகழ்ந்தோர் பலரும் ஈராண்டு கழித்து மூன்று விரல்களை உயர்த்தியிருப்பர். இறப்புக்கு அப்படியோர் ஆற்றலுண்டு.

இரசிகர்களின் பாசத்துக்கு உரியவை வேறு நிகழ்ச்சிகளும் உள. டேட்டோனா 500 என்பது அவ்விளையாட்டின் தலையாய போட்டி. 4 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில் 200 சுற்று. பல திடல்களில் வென்ற எர்ன்ஹார்ட்டுக்கு அது மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது. 1990இல் கடைசிச் சுற்றின் இறுதித் திருப்பம் வரை முன்னணியில் இருந்தவருக்குச் சக்கரம் கிழிந்தது, வெற்றி பறிபோயிற்று. 1998இல் இருபதாம் முயற்சி. போட்டிக்கு முன் சக்கர நாற்காலியில் வந்த ஒரு சிறுமி அவரிடம் ஒரு காசைக் கொடுத்து, இதனால் வெல்வீர் என்றாள். அமெரிக்க நாணயத்தில் ஆகச் சிறியது. அதனைக் காரினுள் தம் கண்முன் ஒட்டிக்கொண்டு ஓட்டினார், வென்றார். வென்றவர் காரை மெதுவாகச் செலுத்தி வர, போட்டிக் குழுக்கள் அனைத்தின் பணியாளர்களும் வரிசையாக வழியோரம் வந்து நின்று, அவர் கையைத் தொட்டு வாழ்த்தினர். எதிரணியினர் யாவரும் இறங்கிவந்து வாழ்த்தும் அக்காட்சி எந்த விளையாட்டிலும் எளிதில் காணக் கிடைப்பதன்று. அதை நினைத்து ஒருவர் கண்கலங்கினால் அதில் பழிக்க ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கின்றது. 1996இல் டல்லடேகா திடலில் நேர்ந்த மோதலில் எர்ன்ஹார்ட்டின் காறையெலும்பும் மார்பெலும்பும் முறிந்தன. இரண்டே வாரத்தில் வாட்கின்ஸ் கிளென் திடலில் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்று, போட்டி முழுவதையும் ஓட்டி ஆறாவதாக வந்தார். இரசிகர் நெஞ்சில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டது இந்நிகழ்ச்சி. முறிந்த எலும்போடு ஓட்டுதல் வீரம் என்று கைதட்டியவர் கைதட்டிக்கொண்டே இருந்தனர். அப்படிக் கைதட்டப்பெற்ற ஒருவர் மறுநாள் எழுந்து, என் கழுத்தைக் காக்க ஒரு கருவி வேண்டும் என்று கேட்பாரா? கேட்க அவர்தாம் விடப்படுவாரா?

இனி அந்த நாளுக்கு வருதல் வேண்டும். 2001 பிப்ரவரி 18. கடைசிச் சுற்று. முதலிடத்தில் மைக்கேல் வால்ட்ரிப். இரண்டாமிடத்தில் எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர். இருவருடைய கார்களும் எர்ன்ஹார்ட்டுக்கே உரிமையான குழுவைச் சேர்ந்தவை. தாம் வேறொரு குழுவின் காரை ஓட்டி மூன்றாவதாக வந்த எர்ன்ஹார்ட், பின்னால் வந்தோரை முன்னேறவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தார். நான்காம் திருப்பத்தில் ஸ்டெர்லிங் மார்லினின் காரோடு ஓர் உரசல். கருநிறக் கார் கீழே சறுக்கி, பின் மேல்நோக்கிப் பாய்ந்தது. கென் ஷ்ரேடரின் கார் அதன்மேல் மோத, மணிக்கு ஏறத்தாழ 160 மைல் விரைவில் கற்காரைச் சுவரைத் தாக்கியது. 463ஆம் போட்டியில் தம் முதல் வெற்றியைப் பெற்ற வால்ட்ரிப் வெற்றி மேடையில் மகிழ்ந்து நின்றபோது, அவ்வெற்றிக்கு வழியமைத்தவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 49.

பார்த்தவர் எவரும் அதனைப் பெரிய விபத்து என்று எண்ணவில்லை. அதே போட்டியில் சற்று முன்னர் டோனி ஸ்டூவர்ட்டின் கார் வானில் எழும்பிக் கரணமடித்து, பிற கார்களின்மீது உருண்டு நொறுங்கியது. அவர் உயிருக்கு ஊறின்றித் தப்பினார். அறிவியல் ஆசிரியர் வகுப்பில் விளக்கத்தக்க பாடம் இது. உருண்டு புரளும் காரின் விசை சிறிது சிறிதாகச் செலவழிகின்றது. சுவரில் மோதும் கார் கண்ணிமைக்கும் நேரத்தில் விரைவிழக்கின்றது. எர்ன்ஹார்ட்டின் மோதலில் அந்த நேரம் ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. உடலை வார் பிடித்து நிறுத்துகின்றது. தலையைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. உடல் நின்றபின்னும் தலை முன்னோக்கிப் பாய்கின்றது. தலைக்கவசத்தின் எடையும் சேர்ந்து இழுக்க, மண்டையோட்டின் அடித்தளம் பிளக்கின்றது. எர்ன்ஹார்ட் இறந்தது அடிமண்டை முறிவினால்.

இரசிகர் கூட்டம் அடுத்து என் செய்தது? அதனைத்தான் பாச நினைவுகள் சொல்வதில்லை.

முதலில் ஸ்டெர்லிங் மார்லினைத் தேடிச் சென்றது. அவர்தாம் கொன்றார் என்றது. வசைமடல்கள் குவிந்தன, கொலை மிரட்டல்கள் வந்தன. வாழ்நாளெல்லாம் பிறரை இடித்துத் தள்ளியதற்காகப் போற்றப்பெற்ற ஒருவரின் இரசிகர்கள், ஓர் உரசலுக்காக மற்றொருவர் உயிரைக் கேட்டனர்! தந்தையைப் பறிகொடுத்த மகனும், தோழரை இழந்த வால்ட்ரிப்பும் வெளிப்படையாக முன்வந்து, மார்லின்மீது பழியில்லை என்று கூற நேர்ந்தது. இறந்தவருக்கு நெருங்கியவர்கள் அமைதி காக்க, அவரை அரங்கில் தொலைவிலிருந்து கண்டவர்கள் கொதித்தனர்.

அடுத்து, இருக்கை வார். விபத்து நடந்து ஐந்தாம் நாள், இடப்பக்க இடைவார் அறுந்திருந்ததாக நாஸ்கார் அறிவித்தது. உடனே சினம் வார் செய்தவர்மீது திரும்பியது. அவருக்கும் மிரட்டல்கள் சென்றன. அவ்வாண்டு ஏப்ரலில், நீதிமன்ற ஏற்பாட்டின்படி ஆய்வு செய்த டியூக் பல்கலைக்கழக வல்லுநர் பாரி மையர்ஸ், வார் அறுந்தது இறப்புக்குக் காரணமன்று, தலை கட்டுப்பாடின்றி முன்னோக்கிப் பாய்ந்ததே காரணம் என்று கூறினார். ஆகஸ்டில் நாஸ்கார் வெளியிட்ட அறிக்கையோ ஷ்ரேடர் கார் மோதியது, சுவரில் பட்ட கோணமும் விரைவும், வார் அறுந்தது எனக் காரணம் பலவற்றை அடுக்கியது. வல்லுநர்க்கிடையே அவ்வேறுபாடு நிற்கட்டும். இரசிகர்க்கு அறுந்த வார் ஏன் அவ்வளவு இனித்தது? அறுந்த வார் பிறர் குற்றம். கட்டப்படாத தலை எவர் குற்றம் என்று கேட்டால் விடை கசக்கும்.

மூன்றாவதாக, செய்தித்தாள். ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ சென்டினல் என்னும் நாளேடு, அப்போட்டிக்கு ஒரு வாரத்துக்கு முன்னரே ஒரு கட்டுரைத் தொடரை வெளியிட்டிருந்தது. ஓட்டுநர்கள் ஒரே வகைக் காயத்தால் அடுத்தடுத்து மாள்கின்றனர். அமைப்போ கைகட்டி நிற்கின்றது என்பது அதன் சாரம். விபத்துக்குப் பின், உண்மைக் காரணம் அறியும்பொருட்டுப் பிணக்கூறாய்வுப் படங்களை மருத்துவ வல்லுநர் ஒருவர் பார்வையிட அவ்வேடு இசைவு கேட்டது. படங்களை அச்சிடக் கேட்கவில்லை. எர்ன்ஹார்ட்டின் மனைவி அதனை எதிர்த்தார். அது அவர் உரிமை. கணவன் உடலைப் பிறர் காணக்கூடாதென்று ஒரு பெண் தடுப்பதில் வியப்பென்ன? ஆனால், சினங்கொண்ட இரசிகர் கூட்டம் அவ்வேட்டைப் பிணந்தின்னி என்று தூற்றியது. மார்ச்சுத் திங்கள் முடிவதற்குள் அம்மாநிலத்தில் அத்தகைய படங்களை மூடிவைக்கும் சட்டமே நிறைவேறிற்று. எச்சரிக்கை விடுத்தவன் எதிரியானான். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவர்க்கு ஒரு கடிதமும் போகவில்லை எனும்படி எல்லாம் நடந்தேறின.

அந்த எச்சரிக்கை வெறும் ஊகமா? 2000 மே 12இல் நியூ ஹேம்ப்ஷயர் திடலில் ஆடம் பெட்டி சுவரில் மோதி மாண்டார். ரிச்சர்ட் பெட்டியின் பேரன், வயது 19. எட்டு வாரம் கழித்து அதே திடலில் கென்னி இர்வின் மாண்டார். அக்டோபரில் டெக்சஸ் திடலில் டோனி ரோப்பர். மூவரும் தலையிலும் கழுத்திலும் ஏற்பட்ட காயத்தால் இறந்தவர்கள். ஓராண்டுக்குள் மூன்று பிணங்கள் பேசிய பிறகும் காது கேளாதார்க்கு நாளேடு எவ்வளவு உரக்கக் கூவினால்தான் என்ன?

கருவி அப்போதே இருந்தது என்பதுதான் இக்கதையின் மிகக் கொடிய பகுதி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ராபர்ட் ஹப்பர்ட், மோதலில் மனித உடல் எவ்வாறு சிதைகின்றது என்பதை ஆராய்ந்தவர். அவருடைய மைத்துனர் ஜிம் டவ்னிங் பந்தய ஓட்டுநர். 1981இல் தம் தோழர் ஒருவர் பந்தயத் தடத்தில் இவ்வகைக் காயத்தால் இறந்ததைக் கண்டு டவ்னிங் கலங்க, இருவரும் சேர்ந்து ஒரு தாங்கியை உருவாக்கினர். தோள்மீது நுகம்போல் அமர்ந்து, தலைக்கவசத்தை இரு வாரால் பிடித்து வைக்கும் எளிய அமைப்பு; ஹான்ஸ் என்பது அதன் பெயர். 1990களின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்தது. வாங்குவார்தாம் இல்லை. டேட்டோனாவில் அன்று ஓட்டிய 43 பேருள் அதனை அணிந்தோர் மிகச் சிலரே.

எர்ன்ஹார்ட் அணியவில்லை. அதனைத் தூக்குக் கயிறு என்னும் பொருள்பட ஏளனமாகப் பேசியவர் அவர். முகம் முழுவதும் மூடும் தலைக்கவசம் பரவிய பின்னரும் முகம் திறந்த பழைய வகையையே அணிந்தவர். விரைவு, பாதுகாப்பு என்று பேசத் தொடங்கிய சக ஓட்டுநர்களைக் கோழைகள் என்று எள்ளி நகையாடியவர். 1994இல் தம் உயிர்த்தோழர் நீல் பானட் டேட்டோனாவிலேயே பயிற்சி ஓட்டத்தில் மாண்டதைப் பார்த்தவருங்கூட! இவை பகைவர் கட்டிய கதைகள் அல்ல. இரசிகர்களே சிரித்துச் சிரித்துச் சொன்னவை. அந்தச் சிரிப்புத்தான் அவரை அந்த ஏளனத்துக்குள் சிறைவைத்தது. மிகப் பெரிய ஓட்டுநர் அணியாததை இளைய ஓட்டுநர் எப்படி அணிவார்? அணிந்தால் அவர் பெயர் கோழை அன்றோ?

ஆயினும் பழி முழுவதையும் இறந்தவர் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. விதி செய்யும் ஆற்றல் அமைப்பிடம் இருந்தது. காரின் எடையையும் உயரத்தையும் அணு அணுவாக அளந்து பார்த்த அமைப்பு, ஓட்டுநரின் கழுத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. விருப்பம் என்பது இங்கே வெறும் சொல். பல்லாயிரவர் வீரம் வீரம் என்று ஆர்ப்பரிக்கும் அரங்கில் ஒருவனுக்குத் தனி விருப்பம் ஏது?

இங்கே இரசிகர்கள் மூன்று மறுப்புகளை எழுப்புவர். இறந்தவரைக் குறைசொல்லலாகாது என்பது முதல் மறுப்பு. தமிழ் மாணவர்க்கும் இது பழகிய பேச்சே. இரங்கற் கூட்டங்களில் நாள்தோறும் கேட்பது. ஆனால் வீரர்க்கு நடுகல் நட்ட தமிழ் மரபை உற்று நோக்குக. ஆநிரை மீட்கையில் விழுந்தானா, ஊர் காக்கையில் விழுந்தானா, புலியொடு பொருது விழுந்தானா என்பதைக் கல்லில் எழுதியும் செதுக்கியும் வைத்தனர். பெயரை மட்டும் பொறித்துக் காரணத்தை மறைக்கும் வழக்கம் அங்கில்லை. எப்படி இறந்தான் என்பதைச் சொல்லாத கல் யாருக்கு என்ன சொல்லும்? கன்னாபொலிஸில் எர்ன்ஹார்ட்டுக்கு ஒன்பதடி உயர வெண்கலச் சிலை நிற்கின்றது. சிலையை எவரும் பழிக்கவேண்டியதில்லை. அதன் அருகே நிற்பவர்தாம் கதையை முழுதாகச் சொல்லவேண்டும்.

அவர் விரும்பியதைச் செய்துகொண்டே இறந்தார் என்பது இரண்டாம் மறுப்பு. இரங்கல் உரைகளிலேயே மிகவும் பொய்யான தொடர் இதுதான். அவர் விரும்பியது ஓட்டுவதையும் வெல்வதையும். சுவரில் மோதுவதை அன்று. பந்தயம் முடிந்து, முதலிரு இடங்களில் வந்த தம் குழுவினரைத் தழுவிக்கொள்ளவும், பண்ணை வீட்டுக்குத் திரும்பிப் பன்னிரண்டு வயது மகளைக் காணவுமே அவர் விரும்பியிருப்பார். சுரங்கத்தில் மண் சரிந்து மாளும் தொழிலாளியைப் பற்றியும், சாரம் முறிந்து விழும் கொத்தனாரைப் பற்றியும் எவரும் அப்படிச் சொல்லத் துணிவதில்லை. அங்கே கயிறு ஏன் இல்லை, தாங்கி ஏன் இல்லை என்று கேட்பர். பந்தய ஓட்டுநர் என்றதும் மட்டும் கேள்வி அடங்கிவிடுகின்றது. புகழ் கிடைத்தவனுக்குக் கழுத்து வேண்டியதில்லை போலும்!

மூன்றாம் மறுப்புச் சற்று வலிமையுடையது. அக்காலத்தில் எவருமே அணியவில்லை. இன்றைய அறிவைக் கொண்டு அன்றைய மனிதரை எடைபோடுதல் முறையா என்பது அது. ஓரளவு நியாயமே. நுகம்போன்ற அத்தாங்கி தலையைத் திருப்ப விடாது, எரியும் காரிலிருந்து விரைந்து வெளியேறத் தடையாகும் என்று அஞ்சியோர் உண்டு. அவ்வச்சம் முழுதும் வீண் என்று கூறிவிட முடியாது. ஆனால் அவ்வச்சத்தை ஆய்ந்து பார்த்திருக்கலாம்; ஏளனம் ஆய்வாகாது. மேலும், அதே நாளில் அதே தடத்தில் சிலர் அணிந்தே ஓட்டினர். அறிவு அன்றும் இருந்தது. கேட்கும் மனம்தான் இல்லை.

எவ்வளவு விரைவில் அம்மனம் வந்தது என்பதைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு கனக்கின்றது. ஆறு திங்கள் கழித்து, ஆகஸ்டு 19இல் மிச்சிகன் திடலில் ஓட்டிய 43 பேருள் 41 பேர் தலைத்தாங்கி அணிந்திருந்தனர். அப்போதும் அமைப்பு கட்டாய விதி செய்யவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் சார்லட் திடலில், வேறோர் அமைப்பின் போட்டியில், பிளேஸ் அலெக்சாண்டர் என்னும் இளைஞர் அதே வகைக் காயத்தால் மாண்டார். அதன் பின்னரே, அத்திங்களிலேயே, நாஸ்கார் தாங்கியைக் கட்டாயமாக்கியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங்கும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய, மோதலின் விசையை உள்வாங்கும் சுவர் 2002இல் இண்டியானாபொலிஸ் திடலில் முதன்முதல் அமைந்தது. பின்னர் ஒவ்வொரு திடலாகப் பரவியது. காரின் உடலமைப்பும் மாறியது. எர்ன்ஹார்ட்டுக்குப் பின் அந்த உயர்நிலைத் தொடரின் போட்டி எதிலும் ஓட்டுநர் எவரும் மாண்டதில்லை.

இதனைக் கண்ட இரசிகர்கள் இப்போது புதியதொரு கதையைச் சொல்கின்றனர். அவர் தம் உயிரைக் கொடுத்துப் பிறர் உயிரைக் காத்தார் என்பது அக்கதை. கேட்க அழகாகத்தான் இருக்கின்றது. எதிர்த்து நின்ற ஒன்றுக்கே அவரைத் தியாகியாக்கும் விந்தை இது! உயிர்களைக் காத்தது அவர் இறப்பன்று. இருபது ஆண்டுகள் எவரும் மதியாத ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, திடல் திடலாகச் சென்று மன்றாடிய ஒரு பேராசிரியரும் அவர் மைத்துனரும் காத்தனர். ஹப்பர்ட் 2019இல் மறைந்தார். அவருக்காக எந்தத் திடலிலும் எந்தச் சுற்றிலும் பல்லாயிரவர் விரல் உயர்த்தியதாகச் செய்தியில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

3 என்னும் எண்ணை அக்குழு பல்லாண்டுகள் உயர்நிலைத் தொடரில் பயன்படுத்தாதிருந்தது. 2014இல் குழு உரிமையாளரின் பேரன் ஆஸ்டின் டில்லன் அவ்வெண்ணோடு களமிறங்கியபோது முணுமுணுத்த இரசிகர்கள் உண்டு. 2018இல் அவரே டேட்டோனா 500 போட்டியை வென்றபோது முணுமுணுப்பு ஓய்ந்தது. எண்ணின் புனிதத்தைப் பற்றி அவ்வளவு வாதம் நடந்தது. அந்த எண்ணுக்குரியவர் கழுத்தைப் பற்றி அதில் ஒரு பங்கு வாதம் 2000ஆம் ஆண்டில் நடந்திருந்தால்?

2020 பிப்ரவரி 17. அதே டேட்டோனா திடல், அதே போட்டி, அதே கடைசிச் சுற்று. முன்னணியில் இருந்த ரயன் நியூமனின் கார் முடிவுக்கோட்டை நெருங்குகையில் தட்டுண்டு சுவரில் மோதிக் கவிழ்ந்தது. கவிழ்ந்து பறந்த காரின் ஓட்டுநர் பக்கத்தில் பின்வந்த கார் முழு விரைவில் இடித்தது. தீப்பொறி தெறிக்கத் தலைகீழாகச் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. 2001இல் எர்ன்ஹார்ட் கொண்டுசெல்லப்பட்ட அதே மருத்துவமனைக்கு அவரையும் கொண்டுசென்றனர். கண்டவர் அனைவரும் நம்பிக்கை இழந்தனர். இரண்டு நாள் கழித்து, தம் இரு பெண் குழந்தைகளின் கைகளைப் பற்றிக்கொண்டு, ரயன் நியூமன் அம்மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார்.